குரல்: எல்ஸி ரோஸ்

1

ஹூஸ்டன் ஹில்கிராஃப்டில் ஓர் இந்திய ஓட்டலில், தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்க, எழிலரசி இதை என்னிடம் சொன்னாள். எழுதச் சொல்லவில்லை. [எழுதப்போகிறேன் என்று நானும் சொல்லவில்லை.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பனிமலை நாட்டு இளவரசன் ரியூன் தன் வாளை உருவி…” அடித்துவிட்டேன். ரியூன் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் நாயகன். 1997இல் அவனுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்த எழிலரசிதான் என் நாயகி. சிறுவர் குரலுக்குப் பெரும்பாலும் பெண்களைத்தான் எடுப்பார்கள். கல்லூரி முடித்த கையோடு அவளுக்கு அது வாய்த்தது.

2

தொடரின் முதல் வீடியோ கேசட் வந்ததுமே அவள் அப்பா திருமூர்த்தி நண்பர்களைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். உடுமலைக்காரர், எஞ்சினியர். எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

எதிரிகளிடம் சிக்கிய இளவரசன், உயிருக்குப் பயந்து, “நான் அரண்மனைப் பிள்ளை இல்லை” என்பான். அவள் குரல் அங்கே உடைந்தது. காமாக்ஷி ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“யாரும் எந்திரிக்காதீங்க. இப்பப் பேரு வரும்,” என்றார் அப்பா.

வந்தது. ரியூன்: எல்ஸி ரோஸ்.

[அவள் முகம் அப்போது ஒரு… வேண்டாம். கார்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.]

“எழில் பேரே வரலியே?” என்றார் வாஞ்சிநாதன் அங்கிள்.

அப்பா ரீவைண்ட் செய்து மறுபடி படித்தார். பிறகு சிரித்தார். “ஸ்டுடியோக்காரன் மாத்திப் போட்டுட்டானுங்க. கால் பண்ணிச் சண்டை போடோணும். இல்லயா கண்ணு?”

“ஆமாப்பா. மிஸ்டேக்,” என்றாள்.

3

எல்லோரும் போனபின், அப்பா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்: “நீயாக் குடுத்த பேரா கண்ணு?”

“என் பேரை அவங்களுக்கு ப்ரொனௌன்ஸ் பண்ண வரலப்பா. சிரிச்சாங்க. ஐ வாஸ் எம்பாரஸ்டு.”

“செரி.” கழுவிய தட்டையே மறுபடி கழுவினார். “அந்தப் பேரும் நல்லாத்தான் இருக்குது. சொல்றதுக்குச் சுலுவு.”

ஒரு பிரதியில் அவரைக் கத்த வைத்தேன். கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும், எனக்கும். ஆனால் அது பொய். கிழித்துவிட்டேன்.

[எழிலரசி என்பதும் அவளுடைய நிஜப் பெயர் அல்ல. மாற்றியபோது எனக்கும் கூசியது.]

4

மறுவாரம் ஸ்டுடியோவிலிருந்து போன். இரண்டாவது கேசட்டுக்கும் அதே பெயர்தானே என்று கேட்டார்கள். அப்பா சோபாவில் பேப்பரோடு இருந்தார். பக்கம் திருப்பவில்லை.

அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். நான் எதை எழுதினாலும், அவளுக்குத் தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு வசதியாகிவிடும்.

அவளிடமிருந்து ரிசீவரை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா காதில் விழும் தூரத்தில்தான் இருக்கிறார். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.