படப்பின் உள்சூடு

"அது ஆவி இல்லட்டி, பனியாக்கும்."

"பனின்னா மேல விழணும். இது உள்ள இருந்துல்லா பொங்குது."

"நான் மிதிச்ச படப்பு. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா மோந்து பாருங்கோ. வைக்கல் மணமா அடிக்குது? புகையில மணம்லா அடிக்குது."

"ஏட்டி, ஊரக் கூட்டாத."

"ஊரு வரட்டும். வந்து மோந்து பாக்கட்டும்."

வீட்டுக்குப் பின்னால், தொழுவத்தை ஒட்டி நின்ற வைக்கோல் படப்பின் முன்னால், காலையிலேயே இப்படி ஆரம்பித்துவிட்டார்கள் கிருஷ்ணமணியும் செல்லக்கனியும். ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்க விடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டு ஞானையன் பல் தேய்த்துக்கொண்டே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இது புதிதில்லை.

செல்லக்கனி சொன்னது ஒன்றுதான். படப்பு உள்ளே சூடேறிவிட்டது, உடனே பிரித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே கருகும். தீப்பிடித்தாலும் பிடிக்கும். பக்கத்தில் சினைப்பசு கட்டிக் கிடக்கிறது. கிருஷ்ணமணி மேற்கே வானத்தைக் காட்டினார். மலை தெரியவில்லை, இருட்டிக்கொண்டு வருகிறது. இப்போது பிரித்தால் மழையில் அவ்வளவும் போகும். மாசியில் கும்பப்பூ அறுத்து அடுத்த வைக்கோல் வருகிறவரை பசு எதைத் தின்னும்? இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே சண்டை முடியவில்லை.

முதல் போகமான கன்னிப்பூ அறுப்பு இந்த வருஷம் மழைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. மிஷின் அறுத்துப் போட்ட வைக்கோலை, இன்னும் திறக்காத நாலுவழிச்சாலையில் கொண்டுபோய் விரித்துக் காயவைத்து, புரட்டிப்போட்டு, தூறல் விழும்போதெல்லாம் ஓடிச் சுருட்டி, ஒருவழியாகப் போன வாரம்தான் படப்பு போட்டார்கள். கீழே நின்று எறிந்தவன் ஞானையன். மேலே நின்று சுற்றிச் சுற்றி மிதித்தவர் கிருஷ்ணமணி. படப்பு என்பது மிதிக்கிறவன் வேலை. நன்றாகக் காய்ந்த வைக்கோல் உள்ளங்காலில் குத்தும். ஈரம் இருந்தால் மெத்தென்று அமுங்கும். அமுங்குவதை அப்படியே கீழே தள்ளிவிட வேண்டும்.

அன்றைக்குச் சுமை எடுத்துக் கொடுக்கும்போதே சிலது கனமாக இருப்பதுபோலப் பட்டது செல்லக்கனிக்கு. ஒவ்வொரு தடவையும் கீழே நின்று கேட்டாள்.

"குத்துதா?"

"குத்துது, குத்துது. கருவேல முள்ளு மாதிரி குத்துது."

இன்னொரு தடவை கேட்டபோது ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டினார். வேண்டுமானால் அவள் ஏறி வந்து மிதிக்கட்டும், தான் கீழே நின்று கேள்வி கேட்கிறேன் என்றார். ஞானையன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கட்டு அவிழ்ந்து அவன் தலையிலேயே விழுந்தது. அதற்குமேல் செல்லக்கனி கேட்கவில்லை.

நேற்றைக்கு மகன் ரதீஷ் போனில் வந்தபோது அவனிடம் இந்தச் சந்தேகத்தைச் சொல்லியிருந்தாள். அவன் சவூதியில் ஒரு பண்ணையில் இருக்கிறான். பாலைவனத்தில் வட்ட வட்டமாகத் தண்ணீர் சுற்றிவிட்டுக் குதிரைமசால் வளர்க்கிற பண்ணை. அறுத்துக் காய்ந்த புல்லை மிஷினில் கட்டாக்குவது அவன் வேலை. அங்கே வெயிலில் அளவுக்கு மேல் காய்ந்து இலையெல்லாம் உதிர்ந்துவிடும் என்பதால், கொஞ்சம் பனி இறங்கட்டும் என்று காத்திருந்துதான் கட்டுவார்களாம். முதன்முதலில் இதைக் கேட்ட அன்று கிருஷ்ணமணி விழுந்து விழுந்து சிரித்தார். நாம் பனிக்குப் பயந்து ஓடுகிறோம், அவன்கள் பனியைத் தேடி நிற்கிறான்கள், கோட்டிப் பயல்கள் என்றார்.

அந்தப் பனி கொஞ்சம் கூடிப்போனால் கட்டுக்குள் சூடேறுமாம். அதைப் பார்க்க ஒரு கம்பியைக் குத்தி வைப்பார்களாம், நுனியில் சூடு காட்டுகிற கருவியோடு. நமக்குக் கடப்பாரை போதும், குத்தி வைத்து நன்றாக நேரம் கழித்து உருவிப் பார், கையில் பிடிக்க முடியாவிட்டால் யோசிக்காமல் பிரித்துப் போட்டுவிடு அம்மா என்று ரதீஷ் சொல்லியிருந்தான்.

இப்போது செல்லக்கனி இதைச் சொன்னதும் கிருஷ்ணமணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அரபிக்காரன் புல்லுக்கு வைக்குத கம்பிய என் படப்புக்கு வைக்கப் போறியா நீ?"

"வைக்கப் போறேனா? நேத்தே குத்தி வச்சாச்சு. அந்தால பாருங்கோ."

படப்பின் இடுப்பில் கடப்பாரையின் முனை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. கிருஷ்ணமணி அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேலிப்பக்கம் திரும்பி, பார்த்தியா இவ வேலையை என்று ஞானையனிடம் கேட்டார். ஞானையன் வாய் நிறையப் பற்பசையோடு தலையாட்டினான். அது யாருக்கு ஆதரவு என்று தெரியவில்லை.

"நானே உருவுகேன். நீ தள்ளி நில்லு."

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். உள்ளே ஆழமாகப் போயிருந்த பாரை பைய வந்தது. முழுக்க வெளியே வந்ததும் நடுவில் மாற்றிப் பிடித்து, ஊர்வலத்தில் கொடிக்கம்பைப் பிடிக்கிறவர் மாதிரி அவள் முன்னால் நிமிர்த்தினார்.

"பாத்தியா? தணுப்பாக்கும். பச்சத் தண்ணி மாதிரி தணுப்பு."

ஞானையன் துப்பிவிட்டு, அப்போ ரதீஷ் அங்கேயே இருந்து அரபிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் அண்ணே என்றான். கிருஷ்ணமணி விடவில்லை. முப்பது வருஷமாகப் படப்பு போடுகிறவனுக்குப் போனில் பாடம் எடுக்கிறார்கள் என்றார். பெண்டாட்டி சந்தேகப்பட்டதையாவது பொறுக்கலாம், அதை மகனிடம் போய்ச் சொன்னாளே என்றார். பேசப் பேசப் பாரையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

செல்லக்கனிக்கு அவமானமாக இருந்தது. உள்ளூர நிம்மதியும்தான். வைக்கோல் தப்பித்தது. சரி, தோற்றது தோற்றதுதான், பாரையை எடுத்து வைப்போம் என்று கையை நீட்டி, அவர் பிடித்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்தாள்.

பிடித்த வேகத்தில் கையை உதறிவிட்டாள். அந்த உதறலில் பாரை அவர் பிடியிலிருந்தும் நழுவி, கல்லில் மோதிச் சத்தத்தோடு விழுந்தது. பசு திடுக்கிட்டு எழுந்தது.

அடுப்பிலிருந்து இறக்கின பானையைத் துணியில்லாமல் தொட்டது மாதிரி இருந்தது அவளுக்கு. விரல் நுனியை வாயில் வைத்துக்கொண்டு, தன் கையைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் பாரையின் அகலத்துக்கு ஒரு பட்டை சிவந்து, நடுவில் தோல் வெளுத்துப் போயிருந்தது. கிருஷ்ணமணி அதைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எதற்கு இப்படிப் பார்க்கிறாள் என்பது மாதிரி.

"என்னட்டி? தணுப்பாத்தானே..."

அதற்குள் அவர் கண்ணும் கைக்குப் போய்விட்டது.

வடசேரிச் சந்தைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்ததும், எவளை வாய் பார்த்துக்கொண்டு நடந்தீர்கள் என்று அவள் கேட்டதும். அவர் பால் கறந்தால் மட்டும் பசு எட்டி உதைத்ததும், பசுவை அவள் அடித்ததும். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொன்னபோது, இந்த வயதில் கொஞ்சல் வேறா என்று சிரித்ததும். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் நினைவில் வந்து நின்றன.

"எப்பம் இருந்து?" என்று கேட்டாள்.

"காலு மரத்துப்போயி கொஞ்ச நாளாச்சு. கை இப்பந்தான்."

"டாக்டர் சொன்னாரா?"

"சக்கரை நரம்பத் தின்னுட்டுன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

கிருஷ்ணமணி தொழுவத்தைப் பார்த்தார்.

"மிதிக்க ஆளில்லன்னா நீ மாட்ட வித்துருவ. பய வேலய விட்டுட்டு வந்து நிப்பான். பொறவு நான் எதுக்குட்டி இந்த வீட்டுல?"

வேலியைத் தாண்டி வந்துவிட்டிருந்த ஞானையன் கீழே கிடந்த பாரையைக் காலால் தொட்டுப் பார்த்து உடனே இழுத்துக்கொண்டான். அவனே பசுவை அவிழ்த்துக் கொண்டுபோய்த் தென்னையில் கட்டினான். தன் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு, வாளியில் தண்ணீர் நிறைத்து வைக்கச் சொன்னான். ஏணியைச் சாத்தி ஏறி, படப்பின் உச்சி வைக்கோலை உருவி எறிந்தான். மேலே இருந்தது பொன்நிறம்தான். கொஞ்சம் இறங்கியதும் தவிட்டு நிறமானது. அதற்கும் கீழே கறுப்பு. குப்பென்று ஆவி கிளம்பி அவன் முகத்தை மறைத்தது. ஈரத்தோடு மிதிபட்டது ஒன்றிரண்டு கட்டு இல்லை, நடு முழுக்க அதுதான். தூறலும் விழ ஆரம்பித்தது. அண்ணே, ஓரத்தில் உள்ளது கொஞ்சம் தேறும், எங்கே போட என்று மேலிருந்து கேட்டான்.



செல்லக்கனி அவரை வாசற்படியில் உட்காரவைத்து, அண்டாத் தண்ணீரில் இரண்டு கையையும் முக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. படப்பு அடுக்கடுக்காகச் சரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மிதித்த வட்டம் ஒவ்வொன்றாகக் கீழே வந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் அவள் கை பைய நகர்ந்து அவருடைய ஒரு விரலை மட்டும் பிடித்தது. கொஞ்சம் அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"இங்க பாக்காண்டாம். அங்கயே பாத்துக்கிட்டுச் சொல்லுங்கோ. இப்பம் நான் எந்த விரலப் பிடிச்சிருக்கேன்?"