மடியில் கிடந்த கிதார்

எனக்குப் பாம்புச் செவி என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யாரும் சொல்கிறாற்போலத் தெரியாததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணை அளந்து மூக்கில் மாட்டிவிடுவது பிழைப்பு. கடைக்குப் பின்னால் இருக்கும் அறைதான் வாழ்க்கை. அதன் மூன்று சுவர்களிலும் பழைய இசைத்தட்டுகள், அத்தனையும் ஹவாய் கிதார். நான்காவது சுவரில் ஜன்னல் இருந்த புண்ணியத்தில்தான் வீட்டில் மூச்சு விட முடிகிறது என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஹவாய் கிதாரை மார்போடு அணைத்து வாசிப்பதில்லை. உட்கார்ந்து, மடியில் மல்லாக்கப் போட்டு வாசிக்க வேண்டும். இடக்கையில் ஒரு எஃகுத் துண்டு. அதைத் தந்திகளின் மேல் வழுக்கவிட்டு வலக்கை விரல்களால் மீட்டினால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு நாதம் அறுபடாமல் வழிந்துகொண்டே போகும். முதன்முதலில் கேட்டபோது எனக்கு வயது பதினெட்டு. அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை முழுசாக விட்டபாடில்லை.

அந்தக் காலத்துக் கம்பெனிகள் தட்டில் குழுவின் பெயரைப் போட்டன, வாசித்தவர் பெயரைப் போடவில்லை. ஆகவே யார் வாசித்தது என்று காதால் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். என்னைப் போன்ற கிறுக்கர்கள் உலகத்தின் பல மூலைகளில் இருந்துகொண்டு இதையே செய்கிறோம். முதலில் தட்டின் வேகத்தைச் சரி செய்யவேண்டும். வேகம் பிசகினால் ஆளே மாறிப்போவார். அப்புறம் நடுக்கம். நீண்ட சுரத்தை நிறுத்தும்போது எஃகுத் துண்டு லேசாக ஆடும்; சிலருக்கு அது முழங்கையிலிருந்து வரும், சிலருக்கு மணிக்கட்டிலிருந்து. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறார், துண்டை எந்தப் பக்கம் சாய்க்கிறார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் கையெழுத்தைப் பார்ப்பது போல ஆளைப் பார்க்கலாம்.

அப்படி நான் கண்டுபிடித்துப் பேர் வாங்கியது ஊர் ஊராகச் சுற்றிய ஒரு குழுவை. அவர்கள் பதிவு செய்தது மூன்றே தட்டுகள். முதல் இரண்டிலும் வாசித்தவருக்கு நான் வைத்த பெயர் 'தேன்'. கிதாரின் வயிற்றுத் துளைக்கு மேலே மீட்டுவார், நாதம் கனிந்து வரும். முழங்கையிலிருந்து எழும் நிதானமான நடுக்கம். எஃகுத் துண்டைத் தன் பக்கமாகச் சாய்த்து இரண்டு தந்திகளில் இரண்டு சுரங்களை ஒன்றாக எடுப்பார். அதற்கு மணிக்கட்டை உள்பக்கம் மடக்க வேண்டும், லேசில் வராது. மூன்றாவது தட்டில் இருந்தவர் 'முள்'. தந்தி முடிகிற கோடியில் மீட்டுவார், ஒவ்வொரு சுரமும் குத்தும். நடுக்கம் சின்னது, அவசரமானது. அந்தச் சாய்ப்பு ஒரு தடவைகூட இல்லை.

இருவருக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று இருந்தது. உயரமான சுரத்துக்குப் போகும்போது அதற்கு மயிரிழை கீழே வந்து நிற்பார்கள். உள்ளே வரலாமா என்று கேட்பது போல ஒரு தயக்கம், அப்புறம்தான் சேர்வார்கள். இதை வைத்து, முள் தேனின் சிஷ்யர், ஆசிரியரின் பாணியைக் காப்பியடித்திருக்கிறார் என்று கட்டுரை எழுதினேன். கிறுக்கர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று தட்டுகளையும் சேர்த்து ஒரு கம்பெனி மறுபதிப்பு கொண்டுவருவதாகவும் விளக்கக் குறிப்பை நானே எழுத வேண்டும் என்றும் ஏற்பாடானது. அந்த வாரம் முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை என்று என் மனைவி சொன்னதை மறுக்க மாட்டேன்.

அப்போதுதான் நர்ஸம்மா வந்தார். ஊரில் பாதிப் பேரை வெளியே எடுத்துப் போட்ட பேறுகால நர்ஸ், என் இரண்டு பையன்களும் அவர் கையில்தான் முதலில் அழுதார்கள். ஓய்வுபெற்றுப் பல வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை மூடியிருந்த நேரத்தில், துண்டில் சுற்றிய ஒரு தட்டைக் கைக்குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு நின்றார். மறுபதிப்பு விஷயம் யார் மூலமாகவோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. துண்டைப் பிரித்தால், நம்முடைய மூன்றாவது தட்டு.

உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். அவருடைய அம்மா அந்தக் குழுவோடு வந்தவர். அப்பா குழுவுக்குப் பெட்டி தூக்கி, மேடைக்கு விளக்குப் பிடித்தவர். இவரைப் பெற்ற அன்றைக்கே அம்மா இறந்துவிட்டார். ஒரு புகைப்படம்கூட இல்லை. இருந்தது இந்தத் தட்டு மட்டும். கிதார் வாசித்தது அம்மாதான், முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரைக்கும் அம்மாதான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

"எங்க வீட்ல தட்டு போடுன்னு சொல்ல மாட்டோம், தம்பி. அம்மாவைப் போடுன்னுதான் சொல்வோம்" என்றார்.

அப்பா காலமான பிறகு, இந்தத் தட்டைப் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்களாம். அந்தக் காலத்தில் பெண்கள் ஆடத்தான் வந்தார்கள், கிதார் ஆண்கள் கையில் இருந்தது என்று ஒருவர். குழுவின் விளம்பரப் படத்தில் கிதாரை மடியில் வைத்திருப்பது மீசைக்காரத் தலைவர்தானே என்று இன்னொருவர். தாயில்லாப் பிள்ளையைத் தேற்றுவதற்காக அப்பா இட்டுக்கட்டிச் சொன்னாரோ என்று இந்த வயதில் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கம் போய்விட்டது என்றார். அது அம்மாதானா இல்லையா, அதை மட்டும் நான் சொல்ல வேண்டும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் தயாராக இருக்கிற ஜாதி நான். முதல் தட்டிலிருந்து வாசித்தவர் உங்கள் அம்மா என்றால் அவர் தேன், ஆகவே இந்தத் தட்டில் இருப்பவர் அவர் இல்லை, இது முள், வேறு ஆள் என்று விளக்கினேன். பெரிய பரிசு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு முதல் தட்டை எடுத்துப் போட்டேன். இதுதான் உங்கள் அம்மாவாக இருக்க முடியும், எவ்வளவு கனிவு பாருங்கள் என்றேன்.

முடியும்வரை தலை குனிந்து கேட்டார். "ரொம்ப நல்லாருக்கு, தம்பி. ஆனா இவங்களை எனக்குப் பழக்கமில்லையே" என்றார்.

தேநீர் கொண்டுவந்த என் மனைவி கோப்பைகளை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கத் தேவையில்லை. எழுபது வருடம் ஒருவருக்கு அம்மாவாக இருந்ததை அரை நாழிகையில் பிடுங்கிக்கொண்டு அறிமுகமில்லாத ஒருத்தியை நீட்டியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அதுவும் வரவில்லை. இரண்டு பேரும் எப்படி வேறு என்று வாசித்தே காட்டுகிறேன் என்று கிதாரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

முதலில் தேனின் சாய்ப்பைக் காட்டப் போனேன். வரவில்லை. இன்னொரு முறை. அப்போதும் மணிக்கட்டு மடங்கவில்லை. ஒரு காலத்தில் எனக்கு நன்றாக வந்துகொண்டிருந்தது என்று சமாளித்தேன்.

"தொப்பை வந்ததிலேர்ந்து இவருக்கு அது வர்றதில்ல" என்று என் மனைவி நர்ஸம்மாவிடம் சொன்னாள். "கிதார் முட்டிக்குப் போயிடுச்சு. கை எட்டணுமில்ல."

அவள் சிரித்தாள். நான் முறைத்தேன். நர்ஸம்மா இரண்டும் செய்யவில்லை. முன்னால் சாய்ந்து, என் முகத்தை விட்டுவிட்டு வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரசவ அறையில் அந்தப் பார்வையை எத்தனையோ பெண்கள் பார்த்திருப்பார்கள். முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் நடுவே எத்தனை மாதம் என்று கேட்டார். அந்தக் காலத்தில் மெழுகுத் தட்டில்தான் பதிவு செய்வார்கள்; அதில் பொறித்த வரிசை எண்களைக் கொண்டு அதையெல்லாம் எப்போதோ கணக்கிட்டு வைத்திருந்தேன். ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே என்றேன்.

"கடைசித் தட்டு பதிஞ்ச மறுவாரம் நான் பொறந்தேன்" என்றார்.

பிறகு என் மனைவி எழுந்து உள்ளே போய் ஒரு தலையணையும் பழைய புடவையும் எடுத்து வந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. சொந்தத் தொப்பை போதாதென்று தலையணையையும் கட்டிக்கொள்ள ஒரு மனிதனுக்கு வெட்கமாக இருக்கும்தான், ஆனால் கிதாரை எடுக்கிற அவசரத்தில் எனக்கு வெட்கப்பட நேரமில்லை. மனைவி இறுக்கிக் கட்டினாள். நர்ஸம்மா ஒப்பவில்லை.

"ஒன்பதாம் மாசம் இவ்வளவு மேல நிக்காது. இறக்கிக் கட்டும்மா" என்றார்.

இறக்கிக் கட்டினாள். கிதாரை மடியில் போட்டேன். மடி என்று ஒன்று மிச்சமில்லை, முட்டிகள்தான் இருந்தன. கிதாரின் விளிம்பு தலையணையில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கைகளும் வயிற்றைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்ததால் வலக்கை துளைக்கு எட்டாமல் தந்தி முடிகிற கோடியில் போய் விழுந்தது. நான் விழவைக்கவில்லை, அதுவே விழுந்தது. இடது முழங்கை நீண்டுவிட்டது, அதனால் நடுக்கம் மணிக்கட்டிலிருந்துதான் வந்தது, சின்னதாக, அவசரமாக. சாய்ப்புக்கு வழியே இல்லை. ஒரு சுரத்தை மீட்டினேன். குத்தியது. முள்.

பல வருடமாக நான் இரண்டு ஆட்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆள் ஒருத்திதான். நடுவில் வளர்ந்தது ஒரு குழந்தை. கை மாறியிருந்தது, இடம் மாறியிருந்தது, நாதமே மாறியிருந்தது. மாறாமல் நின்றது உயரமான சுரத்தின் வாசலில் அந்த மயிரிழைத் தயக்கம் மட்டும். அதை நான் காப்பியடித்தது என்று எழுதியிருக்கிறேன். தன்னையே யாராவது காப்பியடிப்பார்களா? இவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வயிறு கேட்கவில்லை.

நர்ஸம்மாவிடம் சொன்னேன். அது உங்கள் அம்மாதான், மூன்று தட்டிலும் அவர்தான், உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை என்று. குறிப்பில் அவர் பெயர்தான் வரும், தேனும் கிடையாது, முள்ளும் கிடையாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேயிருந்தார். நான் செய்துகொடுத்த கண்ணாடிதான், துடைக்க அதில் ஒன்றுமில்லை.

அவருடைய தட்டின் மறுபக்கம் அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே கீறி வீணாகிவிட்டதாம், இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காதாம். என்னிடம் இருந்த பிரதியில் அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது. தலையணையை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் எழுந்து போய் அதைப் போட்டேன். வந்து உட்கார்ந்து கிதாரை மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

மெதுவான பாட்டு. நடுவில் ஒரு நீண்ட சுரம் வரும். அது பாதியில் தடுக்கும். எஃகுத் துண்டு தந்தியை விட்டு எகிறி, கிணுக்கென்று ஒரு சத்தம் எழுந்து அடங்கும். முள்ளின் கவனக்குறைவு என்று கட்டுரையில் எழுதியிருந்தேன். அடுத்த வரியில் அதே சுரம் திரும்ப வரும்போது, அதே இடத்தில், அதே கிணுக்கை வாசிப்பவர் வேண்டுமென்றே கொண்டுவருவார். தவறை மறைக்கும் சாமர்த்தியம் என்று எழுதியிருந்தேன்.

நர்ஸம்மா தட்டை நிறுத்தச் சொன்னார். என்னை அந்த நீண்ட சுரத்தைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். எஃகுத் துண்டு தந்தியின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தபோது, தலையணைக்கு அடியில் கையை நுழைத்து, உள்ளிருந்து வெளியே, ஒரு குத்து விட்டார். பலமான குத்து இல்லை. வயிற்றுப் பிள்ளை எந்த உயரத்தில், எவ்வளவு வேகத்தில் உதைக்கும் என்று வாழ்நாள் முழுக்கத் தொட்டுப் பார்த்தவரின் குத்து. கிதார் துள்ளியது. துண்டு எகிறியது. கிணுக்.

என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடி தட்டை ஓடவிட்டேன். உதை வந்தது. அடுத்த வரி வந்தது. ஒரு பெண், ஒலியை வாங்கி மெழுகில் பதிக்கும் கூம்பின் முன்னால், கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நிறுத்தினால் மெழுகு பாழாகும் என்பதால் நிறுத்தாமல், தன் வயிற்றில் கேட்ட தட்டலைத் தந்தியில் திருப்பித் தட்டினாள். அதே இடம், அதே அளவு. ஆமாம், கேட்டது என்று.

பாட்டு முடிந்தது. எனக்கு நேர்மை என்று ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாசித்தது உங்கள் அம்மா என்பதை எந்தக் கிறுக்கன் முன்னாலும் சாதித்துக் காட்டுவேன், ஆனால் அந்த உதையை மட்டும் என்னால் நிரூபிக்க முடியாது, குறிப்பில் எழுத முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவர் கிதாரின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"எழுத வேண்டாம், தம்பி" என்றார். "நான் அங்கதானே இருந்தேன்."