குலுங்கக் கூடாத மண்

குழாய் மண்ணுக்குள் இறங்கிய காலையில் அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான்: தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற தேவதாஸ், அவர் மனைவி அமராவதி, மகள் விஷாலினி, ரவாங்கிலிருந்து துளை போடும் மெஷினோடு வந்த சசிகுமார், சசிகுமாரின் மச்சான். கோயில் கமிட்டிச் செல்லன் கடைசியில்தான் வந்தார். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. பிறகு அதிகம் பேசியவர்கள் அவர்கள்தான்.

விஷாலினி கோலாலம்பூரில் சுரங்கப்பாதைப் பொறியியலில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள். கடலோரக் களிமண்ணில் சுரங்கப்பாதை தோண்டினால் மேலே இருக்கும் தரை என்ன ஆகும் என்பது அவளுடைய ஆய்வு. அதற்கு ஆழத்துக் களிமண் வேண்டும், கொஞ்சமும் கலையாமல். ஜெராம் சாலையோரம் தேவதாஸ் வீடு கட்டியிருக்கும் நிலத்துக்கு அடியில் அந்த மண்தான் இருந்தது. "இவ்ளோ படிக்க வெச்சி, பொண்ண பள்ளம் தோண்டவா அனுப்பப் போறீங்க?" என்று கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் அவர் விறைப்பாக எழுந்து கை கழுவப் போய்விடுவார். பதில் தெரியாததுதான் காரணம். அடியில் இருப்பதைத் தோண்டி எடுத்துவிட்டால் மேலே இருப்பது ஏன் விழுவதில்லை? மகளிடம் கேட்டிருக்கலாம். பெற்ற பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று அந்தக் கேள்வியை அவர் தனக்குள்ளேயே வைத்திருந்தார்.

சாமி கும்பிடாமல் தன் நிலத்தில் இரும்பு இறங்கக் கூடாது என்று சொன்னவரும் அவரே. மெஷினுக்கு முன்னால் சூடம் எரிந்தது. எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி மூலைக்கு மூலை வைத்தாள் அமராவதி. "காவு குடுக்குறாங்கடா" என்று வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. தேவதாஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தேய்த்த வெள்ளைச் சட்டையோடு மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மெஷின் உறுமி உறுமிக் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே அனுப்பியது. ஒரு தென்னை மரத்தைத் தலைகீழாக நட்டால் எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு ஆழம் போக வேண்டும் என்றான் சசிகுமார். கம்பி இறங்க இறங்க நாற்காலியும் நகர்ந்து வந்தது. வெயில் ஏறியபோது அது மெஷினின் பக்கத்தில் இருந்தது.

"விஷா, அடியில தோண்டிட்டா மேல உள்ளது ஏம்மா விழ மாட்டேங்குது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "இறங்கும்பா. கொஞ்சமாச்சும் இறங்கத்தான் செய்யும். எவ்ளோ இறங்கும்னு தோண்டறதுக்கு முன்னாடியே சொல்லணும். அதான் எங்க படிப்பு."

கம்பியின் நுனியில் மாட்டி இறக்கிய குழாய் மேலே வந்தது. அதன் வாயில் சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் களிமண் மினுங்கியது. ஜெராம் படகுத்துறையில் நீர் வற்றும்போது வரும் வாடை அடித்தது. விஷாலினி ஓரத்தைக் கத்தியால் சீவினாள். சீவி விழுந்த துண்டில் நகத்தளவு வெள்ளைச் சிப்பி ஒன்று இருந்தது. தேவதாஸ் அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார். சட்டையில் கறை படிந்ததை அவர் கவனிக்கவில்லை.

"கடலா இருந்துச்சா இங்க?"

"நம்ம அடுப்பங்கரைக்குக் கீழயும் இதான்பா."

"அதான் கொழம்புல உப்பு தூக்கல்னு தெனமும் சொல்றீங்களாக்கும்," என்றாள் அமராவதி. அவளுடைய பால் சட்டியில்தான் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. குழாயின் இரண்டு வாயையும் மெழுகு ஊற்றி அடைத்தார்கள். அடிபடாமல் இருக்கக் கொடியில் கிடந்த சிவப்புச் சேலையைச் சுற்றினார்கள். குழாயை நிமிர்த்தியே வைக்க வேண்டும், குலுங்கினால் மண்ணின் பலம் போய்விடும், பரிசோதனையில் வரும் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். மறுபடி மெஷின் வைக்கப் பல்கலைக்கழகம் சம்மதிக்காது. இதையெல்லாம் விஷாலினி சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் செல்லன் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் வேலியோரக் கூட்டமும் வந்தது.

"என்னா கிராணியாரே, சூடம் கொளுத்தி, காவு குடுத்து, சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் பொதைச்ச தங்கத்த எடுத்துட்டீங்க போல?"

"களிமண்ணு."

"களிமண்ணுக்குச் சேல கட்டி வுடுவாங்களா? நாங்க என்னா பங்கா கேக்கப் போறோம், தொறந்து காட்டுங்க லா!"

கூட்டம் சிரித்தது. தேவதாஸின் காது மடல் சிவந்தது. ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர் அவர். புதையலை ஒளிக்கிறார் என்பதும் திருடன் என்பதும் அவருக்கு ஒன்றுதான். கத்தி பக்கத்திலேயே கிடந்தது. மெழுகைக் கீறினால் இந்தச் சிரிப்பு அடங்கிவிடும். சட்டைப்பையிலிருந்து சிப்பியை எடுத்து நீட்டினார்.

"சிப்பியக் காட்டி ஏமாத்துறாரு பாரு!" என்றார் செல்லன்.

விஷாலினி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "தொறந்துட்டா இது வீணாப் போச்சு பா," என்றாள் மெதுவாக. "ஆனா நீங்க சொன்னா தொறக்குறேன்."

அவர் சிப்பியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

"தொறக்க முடியாது செல்லன். வழி வுடுங்க."

"அப்புறம் என்னா, வெளங்கிப் போச்சி!"

சசிகுமாரின் வேன் தடதடக்கும் என்று விஷாலினியின் காரில் பல்கலைக்கழக லேபுக்குக் கிளம்பினார்கள். முன்சீட்டில் தேவதாஸ் குழாயை நிறுத்திப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். சாய்ந்து உட்காரும் பழக்கம் அவருக்கு எப்போதுமே இல்லை. குழாய் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஈஜோக் சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்து அதை ஒரு விரல்கடை தூக்கிக்கொண்டார், பள்ளம் தாண்டியதும் மெல்ல இறக்கினார்.

"மெதுவா போம்மா."

"மெதுவாத்தான் போறேன் பா."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "சிப்பி இன்னும் உள்ள இருக்குமா?"

"இருக்கலாம். லேப்ல வெட்டுனாத்தான் தெரியும்."

"வெட்டறப்ப நானும் நிக்கலாமா?"

தேவதாஸ் கிராணி தங்கப் பானை எடுத்ததாகவும், அதைப் பட்டில் சுற்றி, மடியில் மறைத்து, கோலாலம்பூரில் கொண்டுபோய் விற்றதாகவும் ஜெராமில் இன்னும் பேச்சு இருக்கிறது. அது பட்டு இல்லை, அமராவதியின் பழைய நைலக்ஸ் சேலை. மடியில் மறைக்கவும் இல்லை, கண்ணாடி வழியாக எல்லாரும் பார்க்கும்படி முழங்கால்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்றது. உள்ளே இருந்தது களிமண்.