பச்சை மூடிக் குழாய்

அந்த ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சமெல்லாம் நல்லபடியாக இருக்கும் கர்ப்பிணிகளுக்குத்தான். மாசமாக இருக்கும்போது ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வரை போகிற பெண்களுக்கு, நஞ்சுக்கொடியிலிருந்து கசியும் ஒரு புரதம் ரத்தத்தில் முன்கூட்டியே எகிறுகிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தமும் வேண்டுமே. ஒரு குறையும் இல்லாதவள் எதற்காக வந்து ஊசி குத்திக்கொள்வாள்? அதனால் வேலை செய்கிறவர்களே தங்கை, நாத்தனார் என்று ஆள் பிடித்தார்கள். நோயாளியின் குழாய்க்குச் சிவப்பு மூடி, இவர்கள் குழாய்க்குப் பச்சை.

ரத்தம் பரிசோதிக்கும் பெண் தன் தங்கையையே அழைத்து வந்தாள். ஆறாம் மாதம், தலைச்சன்.

"வலிக்காம குத்துக்கா. உன் கை லட்சணம் எனக்குத் தெரியாதா?"

"வாயக் கொறடி. உள்ள இருக்கிறது கேட்டுடப் போகுது."

மூன்றாம் நாள் அந்தக் குழாயில் புரதம் எவ்வளவு என்ற எண் வந்தது. மற்றப் பச்சை மூடிகளைவிட நான்கு மடங்கு. திரும்பவும் இயந்திரத்தில் ஓட்டினாள், அதே எண். பச்சை மூடியில் எண் எகிறினால் முதலில் கையைச் சந்தேகிப்பார்கள், அப்புறம் குழாயை, அப்புறம் இயந்திரத்தை. ரத்தம் கொடுத்த பெண்ணைச் சந்தேகிக்கிற வழக்கம் மட்டும் அங்கே கிடையாது.

"அன்னிக்கு மெஷின் மக்கர் பண்ணி ரெண்டு மணி நேரம் மேஜையிலேயே கெடந்துச்சே, அந்தக் குழாய்தானே?" என்றார் தலைமை ஆய்வாளர். "கெட்டுப்போன ரத்தம்மா. கணக்குலேர்ந்து அடிச்சிடு. அடுத்த மாசம் புதுசா எடுத்துக்கலாம்."

அந்த வார்த்தை அவள் வயிற்றில் பாலை வார்த்தது. அதே மேஜையில் அதே இரண்டு மணி நேரம் கிடந்த இன்னும் ஐந்து குழாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்தாள். பார்த்தும் பார்க்காதவள் போல, கெட்டுப்போன ரத்தம் என்று எழுதி அந்த வரியை அடித்தாள்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கை போன் செய்தாள்.

"கால் வீங்கி செருப்பே ஏறலக்கா. தலை வேற விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. இன்னிக்கே டாக்டரப் பாக்கட்டுமா?"

போ என்று சொன்னால் அந்த எண் நிஜம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். கோழைத்தனம்தான், வேறென்ன.

"இந்த மாசத்துல எல்லாருக்கும் வீங்கும்டி. கால மேல தூக்கி வச்சுப் படு."

நாலாம் நாள் காலையில் அடுப்படியில் தங்கைக்கு வலிப்பு வந்தது. அவள் கணவன் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் தாயைப் பிழைக்க வைத்தார்கள். வயிற்றிலிருந்த பெண் குழந்தை போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் தங்கை கண் விழித்தாள். உதடெல்லாம் கடிபட்ட காயம்.

"அக்கா, அன்னிக்கு என் ரத்தம் எடுத்தியே. அதுல ஒண்ணும் தெரியலையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தோண்டித் துருவ யாருமில்லை. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுதுடி. ரெண்டு தடவ தெரிஞ்சுது. நான்தான் கெட்டுப்போன ரத்தம்னு எழுதி அடிச்சிட்டேன்."

தங்கை அக்காவின் பிடியிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"அம்மாவ வரச் சொல்லு," என்றாள். "நீ வீட்டுக்குப் போ."