புதுச் செயின்

ஜூன் மாதத்து ஒரு ஞாயிறு காலை ஞானரட்ணம் சைக்கிளிலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். இடது கால் கைவிட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அதையேதான் சொன்னார். காலில் ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்த ஆள் ஒருவன்தான் இருந்தான். அவருடைய மனைவி யோகமலரின் தம்பி தவராஜா. டென்மார்க்கின் ஹ்விடோவ்ரே நகரில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். இரண்டு மாதமாக அவன் வாயைத் திறக்கவில்லை.

காலைக் குற்றம் சொல்லக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஞானரட்ணத்துக்குப் பாரிசவாதம் வந்தது. மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலைக்கு வெளிக்கிட்டவர், தேத்தண்ணிக் கோப்பையோடு இடது பக்கமாகச் சரிந்துவிட்டார். பேச்சு ஒரு கிழமையில் திரும்பியது. கால் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முதலில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள், பிறகு தன்னுடைய ரேசிங் சைக்கிள் என்று, மழையும் காற்றும் பார்க்காமல் மிதித்தார். டென்மார்க்கில் அந்த இரண்டையும் பார்த்தால் வீட்டை விட்டு வெளிக்கிடவே முடியாது என்பது வேறு கதை. அவர் குடியிருக்கும் இஷொயில் ஏழெட்டுத் தமிழ் ஆட்கள் ஞாயிறு தோறும் கூட்டமாகச் சைக்கிள் ஓடுவார்கள். நோய்க்கு முந்தி அதில் முன்னுக்குப் போகிறவர் அவர்தான். மறுபடி அவர்களோடு போகும் நாளுக்காக மனிதர் ஆறு மாதம் தவம் கிடந்தார்.

அந்த நாளுக்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"சும்மா ஒருக்காப் பார் தவா. செயினிலை சத்தம் கேக்குது."

தவராஜா செயின் அளக்கும் தகட்டை எடுத்து வைத்தான். நல்ல செயினில் அந்தத் தகட்டின் முனை உள்ளே இறங்காது. இதில் தடையில்லாமல் விழுந்தது. விழுந்த பிறகும் இடம் மிச்சம் கிடந்தது. இந்தக் காலத்து ரேசிங் சைக்கிளில் பின்பக்கம் பன்னிரண்டு பற்சில்லுகளை நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். செயினும் அதற்கேற்ற மெல்லிசு. அது தேயத் தொடங்கினால் தனியாகத் தேயாது, பற்களையும் சேர்த்துத் தின்னும். தேய்ந்த செயினும் தேய்ந்த பல்லும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து எப்படியோ காலம் தள்ளும். அங்கே புதுச் செயினை மட்டும் போட்டால் அது அந்தப் பற்களில் உட்காராது. மெல்ல மிதித்தால் ஒன்றும் தெரியாது. எழும்பி நின்று முழுப் பாரத்தையும் போடும்போதுதான் பல்லைத் தாண்டிப் பாயும். தொழில் பழக வந்த முதல் மாதமே தெரிகிற விசயம் இது. தவராஜா இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறான்.

செயின் கடையில் இருந்தது. அந்தச் சைக்கிளுக்கான பற்சில்லுகள் செவ்வாய்க்கிழமைதான் வரும். "நாளைக்குப் போகாதேங்கோ அத்தான்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஞானரட்ணம் அடுத்த நாளுக்கென்று வாங்கிய சிவப்புச் சட்டையை இன்றைக்கே போட்டுக்கொண்டு நின்றார். அந்த முகத்துக்கு முன்னால் அவனுக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. பிறத்தியாரிடம் நறுக்கென்று சொல்வதைச் சொந்தக்காரரிடம் சொல்ல நாக்கு எழும்பாது. ஒரு டேனிஷ்காரர் இதே சைக்கிளைக் கொண்டுவந்திருந்தால், அதை ஓடக் கூடாது என்று சொல்லி உள்ளே வைத்துப் பூட்டியிருப்பான்.

பழைய செயினைக் கழற்றினான், புதியதைப் போட்டான். முற்றத்தில் இரண்டு வட்டம் மெல்ல ஓடிப் பார்த்தான். சத்தமே இல்லை. கோழிமுட்டை மாதிரி வழவழவென்று ஓடியது.

"இனிப் பயமில்லை அத்தான். ஓடுங்கோ," என்றான்.

அடுத்த நாள் ரயில் பாலத்து ஏற்றத்தில், பின்தங்கிப் போன ஞானரட்ணம் கூட்டத்தை எட்டிப் பிடிக்க எழும்பி நின்று இடது காலை ஊன்றி மிதித்தார். மிதி சட்டென்று கீழே போனது. அவரும் அதோடு போனார்.

"கால் என்னை விட்டிட்டுது." ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன முதல் வசனம் இதுதான். மூளையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர்கள் புதிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். காலுக்குப் பயிற்சி கொடுக்கும் எமிலியா என்ற பெண், கால் முன்பைவிடப் பலமாக இருக்கிறது என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. "அதுக்கு மேலை நிண்டது நான். கீழை ஒண்டுமில்லாமல் போனது எனக்கெல்லோ தெரியும்," என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. செயின் பாயும்போது காலுக்குக் கீழே உண்மையாகவே ஒன்றும் இருக்காது.

தோள் எலும்பு பொருந்தியது. மனிதர் பொருந்தவில்லை. கதிரையைவிட்டு எழும்பப் பயந்தார். குளியலறைக்குப் போகவும் யோகமலரின் கையைப் பிடித்தார். இரண்டு மாதத்தில் அந்தக் கால் மெலிந்து, உண்மையாகவே இழுக்கத் தொடங்கியது. ஓகஸ்ட் மாதத்தில் யோகமலர் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"இதை வித்துப்போடட்டாம் தம்பி. கண்ணிலை காட்ட வேண்டாமாம். நடக்கிறதுக்கு உருட்டுற வண்டில் ஒண்டு கொம்யூன் ஒஃபிசிலை கேட்டிருக்கிறார். வாற கிழமை கொண்டு வருவினம்." சொல்லிவிட்டு அவள் வேலை மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். "மனுசன் இருந்தபடியே சாகப் போகுது."

அவள் போன பிறகு தவராஜா முன்சில்லைச் சுவரில் முட்டுக் கொடுத்து, மிதியில் ஏறி நின்றான். டக்கென்று செயின் பாய்ந்தது. அதைப் பார்க்காமலே அவனுக்குத் தெரியும். இருந்தும், ஒருவேளை வேறு காரணம் இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு கள்ள ஆசை இருந்தது. அது அத்தோடு செத்தது. அவன் கேட்டு எடுத்திருந்த பற்சில்லுகள் ஜூன் மாதமே வந்து அலமாரியில் கிடந்தன. மாற்ற அரை மணித்தியாலம் போதும். மாற்றி விற்றுவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பற்சில்லைக் கழற்றும் திறப்பைக் கையில் எடுத்துவிட்டான். பிறகு தன்மேலேயே அருவருப்பு வந்து கீழே வைத்தான். கடையைப் பூட்டி, சைக்கிளைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு இஷொய்க்குப் போனான்.

ஞானரட்ணம் யன்னலோரத்துக் கதிரையில் இருந்தார். தவராஜா உட்காரவில்லை.

"அத்தான், உங்கடை காலிலை பிழையில்லை. பிழை என்னிலை. பல்லெல்லாம் தேஞ்சு கிடந்தது. நான் செயினை மட்டும் மாத்தினனான். அது பாய்ஞ்சுதான் நீங்கள் விழுந்தனீங்கள்."

ஞானரட்ணம் அவனைப் பரிவோடு பார்த்தார். அந்தப் பரிவு அவனுக்கு அடி விழுந்ததுபோல இருந்தது.

"உன்ரை அக்கா சொல்லி விட்டவவோ? எனக்குத் தெம்பு வரட்டுமெண்டு பழியை உன்ரை தலையிலை போடாதை தவா. நீ ஒரு நாளும் அப்பிடி வேலை செய்யமாட்டாய்."

"சத்தியமா அத்தான்."

"போதும் விடு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

தவராஜா யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. "கீழை வாங்கோ," என்றான். அவர் மறுத்தார். அவன் விடவில்லை. ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் யோகமலருமாகத் தாங்கி, லிஃப்டில் இறக்கி, கார்கள் நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே நிலத்தடித் தரிப்பிடத்திலிருந்து மேலே வரும் சரிவுப் பாதை ஒன்று உண்டு. தவராஜா சைக்கிளை அதன் அடிக்கு உருட்டிக்கொண்டு போனான்.

"என்ரை காலிலை வருத்தமில்லையே அத்தான்? பாருங்கோ."

ஏறி மிதித்தான். பாதி ஏற்றத்தில் எழும்பி நின்று, இடது காலை ஊன்றித் தன் முழுப் பாரத்தையும் போட்டான். டக். மிதி கீழே போனது. அவன் கைபிடிக்கு மேலால் கவிழ்ந்து கொங்கிரீட்டில் விழுந்தான். யோகமலர் "ஐயோ தம்பி" என்று கத்திக்கொண்டு ஓடினாள். முழங்கையிலும் நாடியிலும் இரத்தம். அவன் அவளைக் கையால் தடுத்துவிட்டு அத்தானைப் பார்த்தான்.

ஞானரட்ணம் தாங்குவதற்கு ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தார். சாய்ந்து கிடந்த சைக்கிளை நோக்கி மெல்ல நடந்து வந்தார். குனிந்து பற்சில்லைத் தடவினார். பற்கள் தேய்ந்து கூர்விட்டு ஒரு பக்கம் வளைந்திருந்தன.

"அண்டைக்கே உனக்குத் தெரியுமோ?"

பொய் சொல்ல அவனுக்கு அது கடைசிச் சந்தர்ப்பம்.

"ஓம் அத்தான். தெரியும்."

"தெரிஞ்சுதான் 'ஓடுங்கோ' எண்டனியோ?"

"நீங்கள் சந்தோசமா நிண்டனீங்கள். சொல்ல வாய் வரேல்லை."

"இந்த ரெண்டு மாசமும்?"

தவராஜா நாடியில் வழிந்த இரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். அவர் கத்தியிருந்தால், இரண்டு அறை போட்டிருந்தால் தாங்கியிருப்பான். அவர் முகத்தில் ஆத்திரம் வரவில்லை. வேறு யாரையோ பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்.

"ரெண்டு மாசம் நான் என்ரை காலை வெறுத்துக்கொண்டு இருந்தனான்," என்றார். "பிள்ளையைத் திட்டுற மாதிரித் திட்டினனான்."

தவராஜா தட்டுத் தடுமாறி எழும்பினான். "சாமான் கடையிலை கிடக்கு அத்தான். நான் இப்பவே கொண்டுபோய் முழுக்க மாத்திக்கொண்டு வாறன்." சைக்கிளைத் தூக்கக் கை நீட்டினான்.

ஞானரட்ணம் அவன் கையைத் தட்டிவிட்டார். தானே குனிந்து, மூச்சு வாங்க, சைக்கிளை நிமிர்த்தினார். இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ரை சைக்கிளிலை இனி நீ கை வைக்கப்படாது."

சொல்லிவிட்டு அதைத் தள்ளிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். இடது கால் கொஞ்சம் இழுத்தது. ஆனால் ஊன்றி நடந்தது. யோகமலர் தம்பியைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், பிறகு புருசனுக்குப் பின்னால் போனாள். தவராஜா அந்தச் சரிவிலேயே இருந்துவிட்டான். அத்தான் மறுபடி சைக்கிள் ஓடுவார். அது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்தச் சந்தோசத்தைப் போய்ச் சொல்ல, அந்த வீட்டில் இனி அவனுக்கு ஆளில்லை. அவன் வாய்விட்டு அழுதான்.