முந்நூறா, அறுநூற்றைம்பதா

பைக் லைசென்ஸ் கைக்கு வந்த திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்பத்தொரு வயதில், மூன்றாவது முயற்சியில் வாங்கியது. முதல் தடவை கூம்புகளுக்கு நடுவே வளைந்து வரும்போது காலை ஊன்றிவிட்டாள். இரண்டாவது தடவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, இறங்குகிற சந்தோஷத்தில் ஸ்டாண்டு போட மறந்து வண்டியைச் சாய்த்துவிட்டாள். மூன்றாவது தடவை தேர்வு வைத்தவர் "போதும்மா, போங்க" என்று கையெழுத்துப் போட்டது தன் திறமைக்கா, அவருடைய சலிப்புக்கா என்று அவளுக்கே இன்னும் விளங்கவில்லை.

அவளுக்கு வேலை பல் செய்வது. மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து, உடைந்த பல்லின் மேல் மாட்டும் 'கேப்' உறையை அவள் வேலை பார்க்கிற லேபில் செய்து கொடுப்பார்கள். பதினான்கு வருடமாக அதே முக்காலி, அதே விளக்கு. பக்கத்து முக்காலியில் மெழுகில் பல் வடிக்கிறவர். அவருக்கு மெழுகு என்றே பெயராகிவிட்டது. அந்த வாரம் ஒரு முன்பல்லுக்கு அவள் நிறம் தவறிச் செய்துவிட்டாள். மெழுகு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத மாட்டிக்கிட்டு அந்த ஆளு சிரிச்சா, ஒரு பல்லு மட்டும் வேற ஊர்லேருந்து வந்து இறங்கின மாதிரி இருக்கும். மனசு எங்க இருக்கு உனக்கு?"

மனசு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, ஷோரூமில் நின்ற முந்நூறு சிசி ஸ்போர்ட்ஸ் பைக், வெள்ளை. இன்னொன்று, யாரோ விற்கப்போவதாகப் படம் போட்டிருந்த அறுநூற்றைம்பது, கருநீலம். காலையில் முகம் கழுவும்போது முந்நூறுதான் என்று தீர்மானிப்பாள். செருப்பை மாட்டுவதற்குள் அறுநூற்றைம்பது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள், சாப்பாடு ஆறிப்போகும்.

வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். அவர் பங்குக்கு அவர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்.

"கடைக்குப் போக வர ஒரு ஸ்கூட்டர் போதாதா?"

"கடைக்குப் போக வர உங்க காலே போதும்" என்றாள் அவள்.

ஆனாலும் ஷோரூமுக்குக் கூடவே வந்தார். விற்பனைப் பையன் அவள் பக்கமே திரும்பவில்லை. எஞ்சின், பிரேக், மைலேஜ் எல்லாவற்றையும் அவரிடமே ஒப்பித்துவிட்டு, "பின்சீட்டு மேடத்துக்கு வசதியா இருக்கும் சார்" என்று முடித்தான்.

"பின்சீட்டு எனக்குத்தாம்பா" என்றார் அவர்.

பையன் அசடு வழிந்தான். அவள் வெள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதிந்தன. ஹேண்டில் கைக்கு எட்டிய இடத்தில் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. "புதுசா ஓட்டறவங்களுக்குன்னே செஞ்சது மேடம்" என்றான் பையன், இப்போது அவளைப் பார்த்து. அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் கருநீலத்தைப் பார்க்கப் போனார்கள். விற்கிறவர் ஓவிய வாத்தியார். விரல் நகத்தில் பச்சை பெயிண்ட் ஒட்டியிருந்தது. வண்டியைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"வீட்ல இரட்டைக் குழந்த வரப்போகுது. ரெண்டையும் டேங்க் மேல உக்கார வெச்சுக்கிட்டுப் போக முடியாது பாருங்க" என்று சிரித்தார். சிரித்துவிட்டு டேங்கைத் தடவிக்கொண்டார். "ஓட்டிப் பாருங்க. மெதுவா. கொஞ்சம் கோபக்காரன்."

ஏறினாள். கால்விரல் நுனிதான் தரையைத் தொட்டது. வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு மதிலோரம் நின்றார். கிளட்சை விட்டதும் வண்டி அவளைக் கேட்காமலே கிளம்பியது போல இருந்தது. கிடங்குகள் வரிசையாக நிற்கும் தெரு, ஆள் நடமாட்டமில்லை. இரண்டாவது கியர். மணிக்கட்டைத் துளி திருப்பினாள். அவ்வளவுதான், வயிறு பின்தங்கிப்போய் உடம்பு மட்டும் முன்னே போயிற்று. ஒரு வாரமாக நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று நின்று அமைதியானது. அந்த அமைதிக்காகவே இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

தெரு முடிவில் வளைவு. எதிரே ஒரு கிடங்கின் செங்கல் சுவர். திரும்ப வேண்டிய பக்கம் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் நூறு தரம் சொல்லியிருந்தார்கள். அவள் கண் சுவரிலேயே ஒட்டிக்கொண்டது. கண் போன பக்கம் வண்டியும் போயிற்று. பிரேக்கைப் பிடித்து, கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டாள். ஒரு தண்ணீர் லாரி. ஹார்ன் சத்தம் காதுக்குள்ளேயே அடித்தது. லாரி ஒதுங்கியதா, அவள் ஒதுங்கினாளா தெரியாது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அது கடந்துபோனது.

ஓரமாக நிறுத்தினாள். திரும்பி வரும்போது முதல் கியரை விட்டு மாற்றவில்லை. ஒரு நாய் அவளைவிட வேகமாக நடந்து போனது.

"எப்படி இருக்கு?" என்றார் வாத்தியார் ஆவலாக.

"நல்ல வண்டிங்க. உங்க வண்டியில ஒரு குறையும் இல்ல. என்னாலதான் ஆகல."

வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள், லாரி வரைக்கும். கத்தப்போகிறார் என்று எதிர்பார்த்தாள். அவர் நிறுத்தத்து பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"நாலு வருஷம் முன்னாடி ஒருத்தன் என் முன்சக்கரத்துக்கிட்ட வந்து விழுந்தான். பைக்காரன். ஒரு முழம்தான் இருந்துச்சு."

"என்னங்க சொல்றீங்க? எப்ப?"

"பொழச்சிட்டான். எழுந்து பேன்ட்டத் தட்டிக்கிட்டுப் போயிட்டான். நான் அதுக்கப்புறம் மூணு ட்ரிப் அடிச்சேன். வீட்டுக்கு வந்து சாப்ட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடியும் அவன் விழுவான்ல." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன். அவன் இல்ல. இல்லவே இல்ல. அப்புறம் இருந்தான்."

பஸ் ஒன்று வந்து நின்று போனது. இருவரும் ஏறவில்லை.

"நான் வண்டி வாங்கத்தாங்க போறேன்" என்றாள் அவள் கடைசியில். "ஆனா அந்தக் கருநீலம் இல்ல. வெள்ளை."

"இவ்வளவு சொல்லியுமா?"

"அந்த முக்காலியில உக்காந்து எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்க. இன்னிக்கு லாரிய ஒட்டிப் போனப்பகூட, பயந்தேனே தவிர, வேண்டாம்னு தோணல."

அதற்குப் பிறகு வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசிக்கொண்டன. செவ்வாய்க்கிழமை லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தனியாகப் போய் வெள்ளை வண்டியை எடுத்து வந்தாள். வழியில் பெட்ரோல் பங்கில், நின்ற இடத்திலேயே அதைச் சாய்த்துவிட்டாள். இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். புது வண்டியில் முதல் கீறல். வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் குனிந்து அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பேசினார். "ஞாயித்துக்கிழமை காலைல முதல் ட்ரிப். ரோடு காலியா இருக்கும். என் பஸ்ஸுக்குப் பின்னாடி வா. நீ எப்படி ஓட்டறன்னு எனக்குத் தெரியணும்."

ஞாயிறு காலை பஸ்ஸில் ஐந்தாறு பேர்தான். அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனாள். முதல் சிக்னலில் அவர் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"கண்ணாடியில என் மூஞ்சி தெரியுதா?"

"இல்லங்க!"

"அப்ப நீயும் எனக்கு இல்ல!"

அவள் பின்வாங்கினாள். இன்னும் பின்வாங்கினாள். பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் கட்டைவிரல் நகமளவுக்கு அவர் முகம் வந்தது. பிறகு அதை விடவில்லை. சாலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடி ஜன்னல் வழியாக, இரவு வேலை முடிந்து போகிற நர்ஸ் ஒருத்தி அவளையே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். வளைவுகள் வந்தன. திரும்ப வேண்டிய பக்கம் பார்த்தாள்; வண்டி திரும்பியது.

அகலமான சாலை வந்ததும் அவர் ஓரம் கட்டி, முந்திப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பஸ்ஸின் பக்கவாட்டில் போகும்போது முகம் காணாமல் போனது. நீளமான தகரச் சுவர், எஞ்சின் சூடு, பெரிய சக்கரம். அவர் சொன்ன பைக்காரன் இங்கேதான் எங்கேயோ இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். தயங்கி நிற்கிற இடமில்லை இது என்று புரிந்து, மணிக்கட்டைச் சீராகத் திருப்பி முன்னே வந்தாள்.

கடைசி நிறுத்தத்தில் அவர் இறங்கி வந்தார். அந்தக் குளிர்ந்த காலையிலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரெண்டு தடவ காணாமப் போன."

"ஒரு தடவதாங்க."

"ரெண்டு. பாலத்துக்கிட்ட ஒண்ணு." தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் கொடுத்தார். "பரவால்ல. வளைவெல்லாம் நல்லாத்தான் வந்த. வீட்டுக்குப் போயிட்டு ஒரு போன் பண்ணு."

வீடு பத்து நிமிடத் தொலைவு. அவள் வீட்டைத் தாண்டிப் போனாள். நாலு தெரு சுற்றித் திரும்பி வந்தாள். வாசல் வந்தது, நிறுத்த மனம் வரவில்லை, மறுபடி தாண்டிப் போனாள். ஒருவழியாக எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"வந்துட்டேங்க."

"இவ்வளவு நேரமா?" பின்னால் யாரோ கத்துவது கேட்டது. "பஸ்ஸ எடுக்காம நாலு நிமிஷமா நிக்கறேன். உள்ள இருக்கறவங்கல்லாம் என்னத் திட்டிக்கிட்டு இருக்காங்க. வை போன!"