தெமிர் திரும்பக் கூடாது

அன்றைக்கும் என் வாயில் "மகனே!" என்றுதான் வந்தது. மேடையின் பின்பக்கம் கணவாய் என்று போட்டிருந்த மரச்சரிவில், சேணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்த பாயெல் பாதியிலேயே நின்றுவிட்டான். கீழே இருட்டுக்குள் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. இயக்குநர் அம்மா எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். அவள் பெயர் நுர்ஜாத், எங்கள் நரின் ஊர்ப் பெண்தான். தலைநகர் பிஷ்கெக்கில் நாடகம் படித்துவிட்டு வந்து, 'கணவாய்க்கு அப்பால்' என்ற எங்கள் பழைய நாடகத்தைத் தூசி தட்டி எடுத்திருந்தாள். அவள் இயக்கும் முதல் நாடகம். இதில் பாயெல்தான் தெமிர், நான் அவன் அம்மா. மறுநாள் முதல் காட்சி.

"ஜூரா எஜெ, 'மகனே'ன்னு கத்தினா போருக்குப் போற எல்லாப் பிள்ளையுந்தான் திரும்பிப் பாக்கும். பேரைச் சொல்லிக் கூப்பிடணும். தெமிர்! அவ்வளவுதானே? ஒரே ஒரு வார்த்தை."

"தெரியும்டி. தொண்டை கட்டியிருக்கு."

என் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. என்னை 'எஜெ', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற அவளுக்கும் அது தெரியும். என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்குக் காலையில ஒரு தடவ பாப்போம். வரலைன்னா... குல்சுன் எஜெகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்." எனக்குச் சுருக்கென்றது. குல்சுனா! மூக்கை உறிஞ்சி உறிஞ்சியே பாதி வசனத்தை முழுங்குகிறவள்! அவள் வந்து என் இடத்தில் நிற்பதா? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். என் கணவரின் பெயரை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் பெண்கள் சொல்ல மாட்டார்கள். மாமனார் பெயரும் அப்படித்தான். என் மாமனார் பெயரில் ஓநாய் இருந்தது, அதனால் என் மாமியார் பட்டிக்குள் ஓநாய் புகுந்த அன்றுகூட "ஊளைக்காரன் வந்துட்டான்!" என்றுதான் அலறினாராம். என்னவருக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் ஒன்றும் தங்கவில்லை. இவனாவது நிற்கட்டும் என்று 'நின்றான்' என்ற பொருளில் ஒரு பெயரை வைத்திருந்தார்கள். நான் அதை எழுதப் போனாலும் எனக்குக் கை வராது.

கல்யாணமான புதிதில் அவரை "ஏங்க", "இந்தாங்க" என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இந்த நாடகம் வந்தது. அவர் தெமிர், நான் தெமிரின் மனைவி. கடைசிக் காட்சியில் அவர் கணவாய் ஏறிப் போவார். நான் "தெமிர்!" என்று கூப்பிடுவேன். அவர் திரும்பாமல் போவார். அதோடு திரை. முதல் காட்சிக்கு வந்திருந்த மாமியார், வீட்டுக்குத் திரும்பியதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஊரே பாக்கறப்ப புருஷனப் பேர் சொல்லிக் கூவுறாளே!" இவர் எண்ணெயில் பொரித்த பூர்சோக் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டே சிரித்தார். "அது என் பேராம்மா? அது தெமிரோட பேரு. கூப்பிட்டுக்கட்டும், விடு." அன்றிலிருந்து வீட்டிலும் அவர் எனக்குத் தெமிர் ஆனார். மெல்ல மெல்ல ஊருக்கும் தெமிர் ஆனார்.

அடேயப்பா, அந்த நாடகம் என்ன ஓட்டம் ஓடியது! மலையிலிருந்து லாரி லாரியாக ஜனம் இறங்கும். கூடம் முழுக்க ஆட்டுத்தோல் வாசனை. அவர் சரிவில் கால் வைத்ததுமே பெண்கள், "திரும்பிப் பாருடா பாவி! பொண்டாட்டி கூப்பிடுறா, காதுல விழல?" என்று திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கோடையில் மேய்ச்சல் நிலத்துக்கே போய், லாரியின் பக்கப் பலகைகளை இறக்கிவிட்டு ஆடுவோம். அங்கே ஏது திரை? ஒருமுறை இவர் பாட்டுக்குப் புல்வெளியில் இறங்கி நடந்தார், நடந்தார், மேட்டைத் தாண்டி மறைந்தே போனார். ஜனம் கலையவே இல்லை. பொழுது சாய்ந்தபின் மறுபக்கமாகச் சுற்றி வந்து, தின்ன குர்தாக் கறி வறுவல் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஒரே ஒரு நாள் திரும்பிப் பாருங்களேன், குடியா முழுகிப் போயிடும்?" என்று சண்டை பிடித்தேன். "திரும்பினா அப்புறம் என்னால போக முடியாது ஜூரா" என்றார். நாடகத்தைத்தான் சொன்னார். இருந்தாலும் எனக்கு அந்த வருஷம் முழுக்க அதுவே போதுமாக இருந்தது.

போன இலையுதிர்காலத்தில் ஒரு காலை, ரொட்டி வாங்கப் போனார். குல்லா கொக்கியிலேயே தொங்கியது. ஜன்னலைத் திறந்து, "தெமிர்! குல்லா!" என்று கூப்பிட்டேன். திரும்பாமலே கையை மட்டும் தூக்கி ஆட்டிவிட்டு நடந்தார். கடை முனையில் விழுந்தவரைத் தூக்கி வந்தார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. இப்போது போய் முகத்தில் பால் வடியும் ஒரு பையனைப் பார்த்து அப்படிக் கூப்பிடு என்றால், அவர் போனபின் எனக்கென்று மிஞ்சியிருந்த ஒன்றையும் தூக்கிக் கொடு என்று கேட்பதுபோல இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் அந்த நாடகம் மறுபடி நடக்கும்போது நான் வீட்டில் உட்கார்ந்து துணி மடிப்பதா? மாட்டேன்.

அன்று மாலை பூபூசாரா எஜெ வந்தார். என்னவரின் அக்கா. எண்பதைத் தாண்டியாயிற்று. காது மந்தம், நாக்கு மட்டும் கத்தி. இந்த வயதிலும் அவருக்கு நான் 'கெலின்'தான், வீட்டுக்கு வந்த மருமகள். காயவைத்த தயிரில் பிடித்த குருத் உருண்டைகளைப் பையோடு மேசையில் வைத்துவிட்டு, நான் சொன்னதையெல்லாம் காதைக் குவித்துக் கேட்டார்.

"பழைய நாடகத்துல நீதானே கூப்பிடுவ? இப்ப என்ன அம்மாக்காரி கூப்பிடுறா?"

"நுர்ஜாத் மாத்திட்டா எஜெ. எந்த மருமக மாமியார் முன்னாடி புருஷன் பேரச் சொல்லிக் கத்துவா, அம்மா கூப்பிட்டாத்தான் சரின்னு சொல்லிட்டா."

"புத்திசாலிப் பொண்ணு. சரி, கூப்பிட்டுத் தொலையேன். என்ன வந்துச்சு?"

"அது அவரோட பேரு எஜெ."

எஜெ கோப்பையை ணங்கென்று வைத்தார். "எது? தெமிரா அவன் பேரு? எவனோ எழுத்துக்காரன் எழுதுன பேரு. அவன் பேரு நான் வெச்சது. எங்கம்மா பயந்துபோய்ப் பேரே வைக்க மாட்டேன்னா. நான்தான் தொட்டில்ல குனிஞ்சு அவன் காதுல சொன்னேன். ஊரெல்லாம் தெமிர், தெமிர்... நல்லா மாத்திட்டீங்கடி, புருஷனும் பொண்டாட்டியும்! இப்ப அந்தப் பேரச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கேன். நானும் போயிட்டா?" குரல் உடைந்துவிட்டது. இந்த எஜெ அழுது நான் பார்த்ததில்லை, அடக்கத்தன்றுகூட. தேநீரை மறுபடி ஊற்றினேன். அவர் குடிக்காமலே எழுந்துவிட்டார். "முன்வரிசையில டிக்கெட் எடுத்து வை. எனக்குக் காது கேக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஒத்திகையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு "தெமிர்" என்றேன். காய்கறி விலை கேட்பதுபோல இருந்தது. நுர்ஜாத் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "போதும் எஜெ, இது போதும்! ராத்திரி தானா வந்துடும்!" பாவம், அவளுக்கு அவள் பயம். பிஷ்கெக்கிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வருவதாக இருந்தது. பாயெலை நிறுத்தி வைத்து விரலை ஆட்டிச் சொன்னாள்: "என்ன ஆனாலும் சரி, நீ திரும்பக் கூடாது. திரும்பினா நாடகமே போச்சு." அவன் சரி சரியென்று தலையாட்டினான்.

மாலையில் கூடம் நிரம்பிவிட்டது. திரையை விலக்கி ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆட்டுத்தோல் வாசனை இல்லை. சென்ட் வாசனை, கைக்குக் கை செல்பேசி வெளிச்சம். முன்வரிசையில் எஜெ வெள்ளை முக்காட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், தம்பி நடிக்கும் நாடகத்துக்கு வந்தவர் மாதிரி.

பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள். பொறாமைப்படக்கூடத் தோன்றவில்லை. கடைசிக் காட்சி வந்தது. மருமகளாக நடித்த பெண் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். பின்னால் நீல வெளிச்சம் போட்டார்கள். பாயெல் சேணத்தைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு சரிவில் கால் வைத்தான். வெறுந்தலை. குல்லாவை மறந்துவிட்டு வந்திருந்தான், முட்டாள் பையன்! காலையில்கூடத் தலையில் இருந்ததே. அந்தப் பின்னந்தலையைப் பார்த்ததும் எனக்கு ஜன்னல் ஞாபகம் வந்தது. கடை முனை ஞாபகம் வந்தது. அவன் ஏறிக்கொண்டே இருந்தான். இன்னும் கொஞ்சம் போனால் மறைந்துவிடுவான். யாராவது கூப்பிட வேண்டும். நான்தான் கூப்பிட வேண்டும்.

"துர்து!"

சத்தியமாக நான் நினைத்துச் சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது என்றே எனக்குத் தெரியாது. என் குரல் கூடத்தின் பின்சுவர்வரை போய்த் திரும்பி வந்தபிறகுதான் நான் யார் பெயரைச் சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. பக்கத்தில் நின்ற பெண் கடித்திருந்த முக்காட்டு நுனியை விட்டுவிட்டாள்.

பாயெல் நின்றான். நிற்கச் சொன்னதாக நினைத்தானோ, யாரோ நின்றுவிட்டார்கள் என்று நினைத்தானோ, அந்தச் சொல் எப்படி வேண்டுமானாலும் கேட்கக்கூடியதுதான். நின்றவன், மெல்லத் திரும்பினான். தோளில் சேணத்தோடு, வெறுந்தலையோடு, நேராக என்னைப் பார்த்தான்.

பக்கவாட்டில் நுர்ஜாத் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். திரை இழுப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழுக்கவா வேண்டாமா என்று என்னையே பார்த்தார். அப்போதுதான் முன்வரிசையில் வெள்ளை முக்காடு மெல்ல எழுந்தது. காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, கூடம் முழுக்கக் கேட்கும்படி எஜெயின் குரல் வந்தது.

"கெலின்... இன்னொரு தடவ சொல்லு."

நீல வெளிச்சத்தில் பாயெல் திரும்பியபடியே நின்றுகொண்டிருந்தான்.